வேலூர் 42, சென்னை 36: எந்த வெயில் மோசம்?

"வேலூரில் 42 டிகிரியைக்கூடச் சமாளித்துவிட்டேன், சென்னையில் 36-க்கே உயிர் போகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உடம்பின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. காற்றும் அந்த அளவுக்குச் சூடேறிவிட்டால், வெப்பத்தை வெளியேற்ற மிஞ்சுவது வியர்வை மட்டும்தான். அது வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பவை. அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு பறப்பதற்கான ஆற்றலைத் தோலிடமிருந்துதான் அவை பிடுங்குகின்றன. ஒரு கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால், 60 கிலோ ஆளின் உடல்வெப்பத்தை 11 டிகிரி இறக்குகிற அளவுக்கு வெப்பம் போய்விடும். எந்த ஏசிக்கும் குறைந்த ஏற்பாடல்ல!

சரி, சென்னையில் என்ன சிக்கல்? கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். தோலிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பக் கிளம்ப, காற்றில் இருப்பவையும் தோலில் வந்து ஒட்டுகின்றன. வியர்வை சொட்டுகிறது, உலர்வதில்லை. மண்பானைத் தண்ணீர் இங்கே அவ்வளவாக ஜில்லிடாததும் இதனால்தான்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் இந்த வித்தியாசத்தை அளக்கலாம். 42 டிகிரி, 20% ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. 36 டிகிரி, 65% என்றால் 30. இது 35-ஐத் தொட்டால் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார். ஆய்வகச் சோதனைகளில் இளைஞர்களின் உடலே 31-ஐ ஒட்டித் திணறியிருக்கிறது. நம் செய்திகளோ வெயில் 'சதமடித்த' கணக்கோடு நின்றுவிடுகின்றன. அதற்காக வேலூர் வெயிலை லேசாக நினைக்க வேண்டாம். அங்கே வியர்ப்பதே தெரியாமல் உடம்பு வற்றிப்போகும்.

உள்வெப்பம் 40-ஐத் தாண்டி, பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு. உடனே 108. ஊர், பக்கத்தில் உள்ள அடையாளம், ஆளின் நிலை எல்லாம் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது சுத்த மூடநம்பிக்கை. சாவி தேடும் கைகள் தண்ணீர் ஊற்றப் பயன்படட்டும். வெறும் அசதி, வேர்க்குரு என்றால் 104-க்கு அழைத்து ஆலோசனை கேட்டாலே போதும்.