கிருஷ்ணாயில் தொட்டிக்கு 130 குண்டுகள்: எம்டன் போட்ட கணக்கு

முதல் உலகப் போர் சமயம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில், ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. குறி கோட்டை அல்ல. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் கிருஷ்ணாயில் (மண்ணெண்ணெய்) தொட்டிகள். ஊரில் இருட்டடிப்பு இல்லை. உயர் நீதிமன்றக் கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. இருப்பிடத்தைக் கணிக்க கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு வேறென்ன வேண்டும்?

எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, ஒரு பக்கமாகச் சுடுவது ஐந்துதான். 12 கி.மீ. எட்டும் பீரங்கிகளை வைத்துக்கொண்டு மூன்று கி.மீ. வரை வந்ததற்குக் காரணம் சர்ச்லைட். இரவில் அதன் வெளிச்சம் விழும் இடத்தைத்தான் குறிபார்க்க முடியும். அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, எதுவும் படவில்லை. எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு நழுவிவிட்டது.

கிருஷ்ணாயில் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது. ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும். குண்டு வெடிக்கையில் எண்ணெய் பொடித்துளிகளாகச் சிதறுகிறது. துளி சிறுத்தால் நொடியில் சூடேறி ஆவியாகும். பற்றவைக்கச் சூடேறிய இரும்புச் சில்லுகள் கூடவே பறக்கின்றன. பற்றிய பிறகு சுடரின் சூடே மிச்ச எண்ணெயை ஆவியாக்கித் தீயை வளர்க்கும். தண்ணீரைக் கொட்டினால் அது அடியில் போய்விடும், எரியும் எண்ணெய் மேலே மிதந்து பரவும். அதனால்தான் தண்டையார்பேட்டை மாதிரியான எண்ணெய் முனையங்களில் இன்று நுரையும், இருப்பதிலேயே பெரிய தொட்டி முழுதும் ஒழுகினாலும் தேக்கிவைக்கும் சுற்றுச்சுவரும் அவசியம்.

அன்று எரிந்தது சுமார் 3,46,000 கேலன். இறந்தவர்கள் ஐந்து பேர். பிரிட்டிஷ் பேரரசுக்கு இது கொசுக்கடி. ஆனால் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள், சரக்குக் கப்பல்கள் கிளம்பத் தயங்கின, இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. ஒற்றைக் கப்பலைத் தேடிப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் அலைந்தன. முல்லர் செலவழித்த குண்டுகளுக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

நஷ்டமும் அதே கணக்கில் இருந்தது. குண்டுகளை மீண்டும் நிரப்ப வழியில்லை. நிலக்கரிக்கோ பெரும்பாலும் பிடிபட்ட கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கிவிட்டு, நிலக்கரிக் கப்பலுக்காக எம்டன் காத்திருந்தது. தூரத்துப் புகையை அதுதான் என்று நினைத்தார்கள். வந்ததோ ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி. எம்டன் குண்டின் எடை சுமார் 17 கிலோ, சிட்னியுடையது 45. எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள், சிட்னியில் நான்கு பேர்.