இளைப்பு நோய் உள்ளவர் நாளுக்கு எத்தனை அடி நடக்கலாம்?

மூச்சுக்குழாய்கள் சுருங்கி நாள்பட்ட இளைப்பைத் தரும் நுரையீரல் நோயான சிஓபிடியோடு பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் தினமும் எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லாத்தான் நடக்கிறேன்" என்பார்கள். மனதறிந்து சொல்லும் பொய் இல்லை. மாடிக்குப் போவது நின்றிருக்கும், கடைக்கு மகன் போவார், வாசல் தெளிப்பது மருமகள் வேலையாகியிருக்கும். இளைப்பு வராத அளவுக்கு நடமாட்டத்தைச் சுருக்கிக்கொண்டது அவர்களுக்கே தெரிவதில்லை. நடை குறைந்தால் கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே வேலைக்குக் கூடுதல் மூச்சைக் கேட்கிறது. அதனால்தான் எடுத்து வைக்கும் அடிகளைப் போன், கைக்கடிகாரம் போன்ற கருவியில் எண்ணச் சொல்கிறேன்.

ஆனால் நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கப் பிடித்த எண் அது. நுரையீரல் நோயாளிகளைப் பார்த்து வைத்ததில்லை. முதல் வாரம் எப்போதும் போலவே இருந்து, வரும் எண்களை மட்டும் குறித்து வையுங்கள். சராசரி 2,000 என்றால் அடுத்த வாரம் 2,200 போதும். சிஓபிடி உள்ளவருக்கு நாளுக்கு 600 முதல் 1,100 அடி கூடினாலே அது பலன் தரும் முன்னேற்றம் என்கின்றன ஆய்வுகள்.

கருவியை அப்படியே நம்பவும் கூடாது. போன் மேசையில் சார்ஜில் கிடந்தால் நீங்கள் நடந்தது கணக்கில் வராது. மெதுவாக நடப்பவரின் அடிகளைப் பல கருவிகள் தவறவிடும். வாக்கரைப் பிடித்து நடந்தால் கை அசையாது, கைக்கடிகாரம் குறைவாகவே காட்டும். சோதித்துப் பாருங்கள்: நீங்கள் வழக்கமான வேகத்தில் நூறு அடி நடங்கள், வீட்டில் ஒருவர் கூடவே வந்து எண்ணட்டும். கருவி 70 காட்டினால் மனம் தளர வேண்டாம். அதே கருவியை அதே இடத்தில் தினமும் அணிந்தால், போன வாரத்தோடு இந்த வாரத்தை ஓரளவு ஒப்பிட முடியும்.

நடக்கும்போது மூச்சு சற்று வாங்கலாம், ஒரு சின்ன வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அன்றைய நடை போதும், மருத்துவரிடம் சொல்லுங்கள். போகி, தீபாவளிப் புகை நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படுவது எண் இறங்கும்போதுதான். 2,500 அடி நடந்தவர் இரண்டு மூன்று நாளாக 1,200ஐத் தாண்டவில்லை, இளைப்பும் கூடியிருக்கிறது, சளியின் நிறமும் மாறியிருக்கிறது என்றால், இலக்கை எட்ட இன்னும் கொஞ்சம் நடக்கச் சொல்லி வீட்டார் வற்புறுத்தக் கூடாது. நோய் திடீரெனத் தீவிரமாவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிகளைக் குறித்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.