பதினாறு அங்குலத்தை எங்கிருந்து அளப்பது?

அமெரிக்காவில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர். குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பாகமான ரிசீவர் ஓர் இடத்தில், குழல் இன்னோர் இடத்தில், தோள்கட்டை வேறோர் இடத்தில் வாங்குவார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும், குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். இவ்வளவு நிதானமான துப்பாக்கிக்கும் கூட்டாட்சிச் சட்டம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது ‘குட்டைக் குழல் ரைஃபிள்’. முன்கூட்டியே விண்ணப்பித்துப் பதிவு செய்யாமல் அப்படி ஒன்றைச் செய்தால் 10 ஆண்டு வரை சிறை.

அளவை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு போல்ட்டை மூட வேண்டும். குழலின் வாய் வழியாக ஒரு நேரான குச்சியை உள்ளே விட்டால் அது போல்ட்டின் முகத்தில் முட்டி நிற்கும். குழல் வாய் இருக்கும் இடத்தில் குச்சியில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தால் அதுதான் சட்டப்படியான நீளம். தோட்டா உட்காரும் அறையும் இதில் சேர்த்தி.

ரெமிங்டன் 700 ரைஃபிள் போன்ற அமைப்பில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போல்ட்டின் மூக்கு குழலின் பின்முனைக்குள் கொஞ்சம் நுழைந்து உட்காரும். அதற்கென்று அங்கே ஏறக்குறைய 0.15 அங்குல ஆழத்துக்குக் குடைந்திருப்பார்கள். மேசைமேல் வைத்து அளந்தால் சரியாக 16 அங்குலம் வரும் குழல், பூட்டியபின் சுமார் 15.85 ஆகிவிடும். வாயைச் சீராக்க லேத்தில் கொஞ்சம் கடைந்தால் இன்னும் போகும். அனுபவமுள்ளவர்கள் கால் அங்குலமாவது கூடுதலாக விட்டுத்தான் வெட்டச் சொல்கிறார்கள். ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் போன்ற தொழிற்சாலை ரைஃபிள்களே 16.1 அங்குலக் குழலோடு வருவதை இதோடு வைத்துப் பார்க்கலாம். குழல் முனையில் திருகி மாட்டும் கருவி கணக்கில் வராது. கழற்ற முடியாதபடி வெல்டிங் செய்தாலோ, உயர் வெப்ப வெள்ளிப் பற்றாசால் ஒட்டினாலோ, ஊசி இறக்கி அதன் தலையை வெல்டிங்கால் மூடினாலோதான் வரும்.

அந்தக் கால் அங்குலத்தால் குண்டுக்கு என்ன ஆகிறது? ஒன்றும் பெரிதாக இல்லை. வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளும் தூரம் குறைந்தால் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் .308 போன்ற தோட்டாவில் ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 அடிதான் இழப்பு. மொத்த வேகமோ 2,500 அடியை ஒட்டியது. கால் அங்குலம் குறைவதால் வரும் மாற்றத்தைவிட, ஒரே பெட்டியிலுள்ள இரண்டு தோட்டாக்களுக்கு இடையிலான வித்தியாசம் அதிகமாக இருக்கும்.

ஆக, இது இயற்பியல் தந்த எண் இல்லை. 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வரைவாக இருந்தபோது கைத்துப்பாக்கிகளும் அதில் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தினால் ரைஃபிளை அறுத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொள்வார்கள் என்பதால், அந்த ஓட்டையை அடைக்கக் குழல் நீள விதி தேவைப்பட்டது. பிறகு கைத்துப்பாக்கிகளை வரைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வந்த விதி மட்டும் தங்கிவிட்டது. அப்போது எல்லை 18 அங்குலம். 1960இல் ரைஃபிளுக்கு 16 ஆனது. ஷாட்கன்னுக்கு இன்றும் 18தான்.

இதன் விளைவை ரெமிங்டன் 1963இல் கொண்டுவந்த எக்ஸ்பி-100இல் பார்க்கலாம். அது போல்ட் ஆக்‌ஷன்தான், குழலும் 16 அங்குலத்துக்கு வெகு கீழே. ஆனால் பிறக்கும்போதே கைத்துப்பாக்கி, அதனால் இந்தப் பதிவு வேண்டாம். அதில் ஒரு தோள்கட்டையைப் பொருத்திய கணமே அது குட்டைக் குழல் ரைஃபிள்.

பாகங்களிலிருந்து கட்டுபவருக்கு இந்தப் பிறப்புதான் முக்கியம். வண்டிக்குச் சேஸிஸ் நம்பர் மாதிரி, துப்பாக்கிக்கு எண் பொறித்த ரிசீவர்தான் அடையாளம். எதுவாகவும் பூட்டப்படாத புது ரிசீவரை முதலில் கைத்துப்பாக்கியாகவோ ரைஃபிளாகவோ கட்டலாம். முதலில் ரைஃபிளாகக் கட்டிவிட்டால் திரும்பும் வழி கிடையாது. பிறகு தோள்கட்டையைக் கழற்றிக் குழலைக் குறைத்தாலும் ‘ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம்’ என்று சட்டம் பிடித்துக்கொள்ளும்.

கைத்துப்பாக்கியாகப் பிறந்தது ரைஃபிளாகப் போய், மறுபடியும் கைத்துப்பாக்கியாகத் திரும்பலாம். தாம்ப்சன்/சென்டர் நிறுவனம் ஒரே ஒரு தோட்டா ஏறும் கைத்துப்பாக்கியோடு 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் சேர்ந்த பாகத் தொகுப்பை விற்றது. குட்டைக் குழலோடும் அந்தக் கட்டையைப் பூட்ட முடியுமே என்று, குட்டைக் குழல் ரைஃபிளுக்கான வரியை அரசு கேட்டது. நிறுவனம் 200 டாலரைக் கட்டிவிட்டு, திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டது. 1992இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: தண்டனை உள்ள சட்டத்தில் சந்தேகம் இருந்தால் அதன் பலன் குடிமகனுக்கு. அதை ஒட்டி 2011இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையும் இப்படிப் போய்த் திரும்புவதை ஏற்று விளக்கம் தந்தது.

ஆனால் பூட்டும் வரிசை மாறக் கூடாது. ரைஃபிளாக்கும்போது முதலில் நீளக் குழல், அப்புறம் தோள்கட்டை; திரும்பும்போது முதலில் கட்டையைக் கழற்றிவிட்டுத்தான் குட்டைக் குழல். இரண்டும் ஒரு நிமிடம் ஒன்றாக இருந்தாலும் பதிவில்லாத ஆயுதம்தான். 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைஃபிளுக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகியிருக்கிறது. விண்ணப்பம், கைரேகை, பதிவு எதுவும் போகவில்லை. மாநிலச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன, சில இன்னும் கடுமையானவை.