ரவுக்கையா, ஜாக்கட்டா, சட்டையா?

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முந்தி இலங்கையில எங்க ஹட்டன் பக்கம் ஒரு டைலர் கடையில போய் நின்னு பாருங்க, சாமான் ஒண்ணுதான், பேரு மட்டும் மூணு நாலு கேக்கும். எங்க அப்பாயி ரவுக்கைன்னு சொல்லும், அம்மா சட்டைன்னுவாங்க, டைலர் ஜாக்கட்னு துண்டுல எழுதுவாரு, தங்கச்சிக்கு அது பிளவுஸ்.

இதுல எது தமிழ்னு கேட்டா முக்காவாசிப் பேரு ரவிக்கைன்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருந்தேன். ஆனா அது தெலுங்கு ‘ரவிக்க’. தமிழ்ல ர-வுல சொல்லு தொடங்காதுங்கிறதால முன்னால ஒரு இ போட்டு இரவிக்கைன்னு எழுதுறாங்க, அந்த இ-ய பாத்து தூய தமிழ்னு ஏமாந்துட வேணாம். ஜாக்கட் பிரெஞ்சுல இருந்து இங்கிலீசு வழியா வந்தது. பிளவுஸும் பிரெஞ்சுதான், அதுவும் அங்க வேலைக்காரங்க, ஆம்பளைங்க போட்ட தொளதொள மேலுடுப்பு!

அடுத்தது எல்லாரும் சொல்ற ஒரு கதை, தைச்ச துணியே வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குத் தெரியும்னு. அப்பிடின்னா சங்க காலத்து முல்லைப்பாட்டுல யவன (கிரேக்க, ரோமப் பக்கத்து) காவல்காரன் போட்டிருக்கிற ‘மெய்ப்பை’ என்னவாம், திருவாசகத்துல சிவனுக்குச் சொல்ற ‘குப்பாயம்’ என்னவாம், ரெண்டுமே சட்டைதான். சரி இது ஆம்பளைங்க சமாச்சாரம், பொம்பளைங்களுக்கு பழைய பாட்டுல அதிகமா வாறது கச்சு, அதாவது மாருல கட்டுற துணி. அதுக்காக அந்தக் காலத்துல எல்லாரும் மூடித்தான் இருந்தாங்கன்னு சொல்றதும் பிழை, மாத்தளைப் பக்கம் சீகிரியாவுக்கு ஸ்கூல் ட்ரிப் போய், அங்க பாறையில மார் மூடாம வரைஞ்சிருக்கிற பழைய பொம்பளைப் படங்கள பாத்தவங்களுக்கு சொல்லவே தேவையில்ல.

போடாததுக்கு காரணம் தைக்கத் தெரியாததும் இல்ல, வெக்கம் இல்லாததும் இல்ல. சில இடத்துல போடவே விடல. தெக்குக் கேரளா, கன்னியாகுமரிப் பக்கம் இருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்துல நாடார் பெண்கள் மார மூடக்கூடாதுன்னு உயர்சாதிக்காரங்க தடுத்தாங்க, 1814ல கிறிஸ்தவத்துக்கு மாறின பெண்களுக்கு குப்பாயம் போட அனுமதி குடுத்தாங்க, திருவாசகத்துல இருந்த அதே சொல்லு பாருங்க, அதுக்கப்புறமும் அடிதடி நடந்து 1859 ஜூலை 26ல தான் நாடார் பெண்கள் எல்லாருக்கும் மேலாடை போட உத்தரவு வந்துச்சு, அதுலயும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாதுன்னு ஒரு கொக்கி. இதத்தான் தோள்சீலைப் போராட்டம்ங்கிறாங்க. இதெல்லாம் தெரியாம ‘அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்பிடித்தான்’னு ஈசியா சொல்லிட்டுப் போறாங்க.

என்னைக் கேட்டா புதுசா ஒரு தமிழ்ச் சொல்லு தேடவே வேணாம், அம்மா சொல்ற சட்டையே போதும். பாம்பு உரிக்கிற தோலையும் சட்டைன்னுதானே சொல்றோம், உடம்போட ஒட்டிக் கெடக்கிறதுக்கு அதவிட நல்ல பேரு எது? சிங்களத்துல சொல்ற ‘ஹெட்டய’ கூட நம்ம சட்டையில இருந்து போனதுதான்.

ஒரே ஒரு சிக்கல், இலங்கையில ஆம்பளைங்க போடுறது சேட், சின்னப் பிள்ளைங்க போடுற கவுனும் சட்டைதான். திருச்சியில இருந்து வந்த எங்க மாமா ஒருத்தர் துணிக்கடையில போய் ‘எனக்கு ஒரு சட்டை எடுங்க தம்பி’ன்னு கேட்டாரு, அந்தப் பையன் அவர மேலயும் கீழயும் பாத்துட்டு ‘பிள்ளைக்கு எத்தனை வயசு அங்கிள்?’னு கேட்டான்.