சட்டமன்றம் தேர்ந்தெடுத்த அமெரிக்க செனட்டர்கள்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை செனட். அதன் உறுப்பினர்களான செனட்டர்களை இன்று மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1913 வரை அந்த வேலை மாநிலச் சட்டமன்றங்களிடம் இருந்தது. மாநிலத்துக்கு 2 செனட்டர், பதவிக்காலம் 6 ஆண்டு. நம் ராஜ்யசபா எம்.பி.க்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதுபோலத்தான்.

1858-ல் இல்லினாய் மாநிலத்தில் செனட்டர் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஊர் ஊராகப் போய் 7 விவாதங்கள் நடத்தினார்கள். ஆனால் மக்கள் போட்ட வாக்குச்சீட்டில் இருவர் பெயரும் கிடையாது. தங்கள் கட்சிக்காரரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்கத்தான் அத்தனை பேச்சும். கடைசியில் சட்டமன்றத்தில் டக்ளஸுக்கு 54 ஓட்டு, லிங்கனுக்கு 46.

சட்டமன்றத்தின் ஒரு அவைக்குப் பிடித்தவரை இன்னொரு அவை ஏற்காமல் இழுபறி ஆவது வழக்கமாகிப் போனதால், 1866-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு சட்டம் போட்டது. முதலில் இரு அவைகளும் தனித்தனியே வாக்கெடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஆள் பெரும்பான்மை பெற்றால் சரி. இல்லையென்றால் மறுநாள் பகல் 12 மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கூடி, யாராவது ஒருவருக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழும்வரை தினமும் ஒரு முறையாவது வாக்கெடுத்தாக வேண்டும்.

அந்தப் 'பாதிக்கு மேல்'தான் வினை. மூன்று பேர் நின்று ஒருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால்? 1895-ல் டெலவேர் சட்டமன்றம் 114 நாட்களில் 217 முறை வாக்கெடுத்தும் ஒருவரும் தேறவில்லை. 1901 முதல் 1903 வரை அந்த மாநிலத்துக்கு ஒரு செனட்டர்கூட இல்லை. ராஜ்யசபா தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். பின்தங்கியவரின் சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போய்விடும், ஒரே வாக்கெடுப்பில் கதை முடிந்துவிடும். 1866 சட்டத்தில் அப்படி ஒரு வழி வைத்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

பணத்தொல்லை தீர்ந்திருக்காது. எம்.எல்.ஏ.க்களை விலைக்கு வாங்கியதாகப் புகாரில் சிக்கிய மொன்டானாவின் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க், செனட் நடவடிக்கை எடுக்கும் முன் 1900-ல் பதவியை விட்டார். 1909-ல் தேர்வான இல்லினாயின் லோரிமர் தேர்வு செல்லாது என்று 1912-ல் செனட்டே அறிவித்தது.

அதற்குள் ஓரிகன் மாநிலம் ஒரு குறுக்குவழி கண்டிருந்தது: மக்கள் ஓட்டில் ஜெயித்தவரையே செனட்டராகத் தேர்ந்தெடுப்போம் என்று சட்டமன்ற வேட்பாளர்களிடம் முன்கூட்டியே உறுதி வாங்குவது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. பிறகு, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வழிசெய்த அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம், 1913 ஏப்ரலில்.

அந்தத் திருத்தத்தின்படி, இடையில் ஒரு செனட்டர் இடம் காலியானால் தேர்தல் நடத்த வேண்டும். அதுவரை ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம், சட்டமன்றம் அனுமதித்திருந்தால்.