துடிப்புத் தணிவு

நியூரான் என்னும் நரம்பணு ஒன்றை ஒரே அளவில் தூண்டிக்கொண்டே இருந்தால், அது தொடக்கத்தில் சரமாரியாக மின்துடிப்புகளை அனுப்பும். பிறகு, தூண்டல் சிறிதும் குறையாதபோதே, துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதற்கு ஆங்கிலத்தில் ‘அடாப்டேஷன்’ என்று பெயர். தமிழில் எந்தச் சொல் இதற்குப் பொருந்தும் என்பதே இங்கே என் கேள்வி. 1926இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சாட்டர்மனும் தவளையின் தசையை எடை தொங்கவிட்டு இழுத்து, ஒற்றை நரம்பிழையின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். எடை அப்படியே தொங்கியது. துடிப்பு மட்டும் குறைந்தது. 1932இல் ஏட்ரியன் நோபல் பரிசை ஷெரிங்டனுடன் பகிர்ந்துகொண்டார்.

சொல்லின் வேர் லத்தீன். ‘அப்டாரே’ என்றால் பொருத்துதல். நம் ‘தகவமைப்பு’ அதற்கு நேரான ஆக்கம்தான்: தகவு, தக்கது, தகுதி எல்லாம் பொருத்தத்தைக் குறிப்பவை. குறை சொல் அமைப்பில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சேற்றைப் பிளந்து விரல் விரலாக நிற்கும் மூச்சுவேர்களைக் காட்டி ஆசிரியர் ‘தகவமைப்பு’ என்றால் அது சரி. பல தலைமுறைகளில் நடந்த வேலை அது. கண் மூடித் திறப்பதற்குள் நரம்பணுவில் நடப்பதற்கும் அதே பெயர் என்றால் மாணவர் குழம்பத்தான் செய்வார். இலங்கைப் பாடநூல்களின் ‘இசைவாக்கம்’ காதுக்கு இனியது. அதிலும் இதே சிக்கல்.

‘சோர்வு’ என்று எழுதுவோரும் உண்டு. இதை நான் அறவே ஏற்கமாட்டேன். ஒவ்வொரு துடிப்பின்போதும் கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழைகிறது. அது பொட்டாசியம் வாயில்கள் சிலவற்றைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, அடுத்த துடிப்பு தாமதமாகிறது. இது செல் தானே போட்டுக்கொள்ளும் தடை. 1980இல் பிரவுனும் ஆடம்ஸும் தவளை நரம்பணுக்களில் ‘எம்’ மின்னோட்டம் என்ற இன்னொரு பொட்டாசியத் தடையைக் கண்டறிந்தார்கள். நரம்புகள் செய்தி கடத்த வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அந்தத் தடையைத் தளர்த்தினால், அடங்கிக் கிடந்த அதே செல் மறுபடி சரமாரியாகத் துடிக்கிறது. சோர்ந்தது அப்படித் துடிக்குமா?

கல்லணையில் மதகு திறந்திருக்கும் நாளில் ஒன்று செய்து பாருங்கள். விழும் நீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்துத் தூணுக்குக் கண்ணைத் திருப்புங்கள். தூண் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் மேலே ஏறுவதுபோலவும் தோன்றும். ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் ராபர்ட் ஆடம்ஸ் 1834இல் எழுதி வைத்த மாயம் இதுதான். கீழ்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் நரம்பணுக்கள் தணிந்துவிட, மேல்நோக்கியவற்றின் கை ஓங்குகிறது என்பது வழக்கமான விளக்கம். 1963இல் பார்லோவும் ஹில்லும் முயலின் விழித்திரையில் இதற்குச் சான்று கண்டார்கள்: ஒரே திசை அசைவை நீட்டிக் காட்டியபோது துடிப்பு குறைந்தது; அசைவு நின்றதும் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது.

மக்கள் வாயில் இருக்கும் சொற்களும் சரியாகப் பொருந்தவில்லை. ‘மரத்துப்போதல்’ உணர்ச்சியே அற்றுப்போவது. சப்பணமிட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவருக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையில் நெல் ஊறும் தொட்டியின் புளித்த வாடையை ஆலைக்காரரிடம் கேட்டால், “எங்களுக்குப் பழகிவிட்டது” என்பார். ‘பழகுதல்’ நல்ல சொல். ஆனால் பொருட்படுத்த வேண்டாம் என்று மூளை கற்றுக்கொள்ளும் வேறொரு நிகழ்வுக்கு உளவியலில் அது தேவைப்படுகிறது, அங்கேயே இருக்கட்டும்.

என் தேர்வு ‘தணிவு’. காய்ச்சல் தணிந்தது, கோபம் தணிந்தது, கொள்ளிடத்தில் வெள்ளம் தணிந்தது என்கிறோம். வெள்ளம் தணிந்த பிறகும் ஆற்றில் நீர் ஓடுகிறது. குறைவு உண்டு, இன்மை இல்லை. எனவே நரம்பணுவின் துடிப்பெண் குறைவதைத் ‘துடிப்புத் தணிவு’ எனலாம்; புலனளவில் பேசும்போது ‘புலன் தணிவு’. அரைஞாண் கயிற்றைக் கட்டிய சற்று நேரத்தில் மறக்கச் செய்பவை ‘விரைந்து தணியும் ஏற்பிகள்’ (ஏற்பி என்பது தூண்டலை உணரும் உறுப்பு). தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவை ‘மெல்லத் தணியும் ஏற்பிகள்’. வலி ஏற்பிகள் பெரும்பாலும் எளிதில் தணிவதில்லை. சொத்தைப் பல் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.