ஃபெல்லோஷிப்: உதவித்தொகையா, நல்கையா, கூட்டாளியா?

போன மாசம் ஒரு அறிவிப்ப தமிழ்ல மாத்தித் தரச் சொல்லி வந்துச்சு. ரெண்டே பக்கம் தான். மக்களோட சேர்ந்து வேலை செய்யற கலைஞர்களுக்கு ஒரு வருஷ ஃபெல்லோஷிப் (வேலைய பாக்கறதுக்கு காசு குடுக்கற ஏற்பாடு), அப்ளை பண்ணுங்கன்னு விஷயம். அரை மணி நேர வேலைன்னு நெனச்சேன், தலைப்புலயே மாட்டிக்கிட்டேன். கைப்பழக்கத்துல "சமூக ஈடுபாட்டுக் கலைக்கான உதவித்தொகை"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன், அத சரிபார்க்கறதுக்காக படிச்ச ஒரு கலைஞர் மறுநாள் கேட்டாங்க: "உதவியா? ஏங்க, நான் என்ன கஷ்டம்னு மனுவா போட்டேன், வேலை தான செய்யப் போறேன்?"

எனக்கு பதில் வரல. அகராதிய எடுத்து வச்சு உக்காந்தது அப்பறம் தான்.

மொதல்ல "ஷிப்". கப்பல் இல்ல, பயப்படாதீங்க. பழைய இங்கிலீஷ்ல "ஸ்கிபெ"ன்னு ஒரு விகுதி, நிலை, தன்மைன்னு பொருள், உருவத்தச் சொல்ற "ஷேப்"புக்கு அது சொந்தம். தோழன் தோழமை ஆகுதே, அந்த "மை" செய்யற வேலைய தான் இதுவும் செய்யுது. அதோட விட்டுடலாம், சரக்கு எல்லாம் "ஃபெல்லோ"ல இருக்கு.

நம்ம வாய்ல "ஃபெல்லோ" பாதி நேரம் திட்டு. "இடியட் ஃபெல்லோ", "அந்த ஃபெல்லோவ நம்பாத"ன்னு தான் காதுல விழும். இங்கிலீஷ்காரங்களும் அத தேய்ச்சு தேய்ச்சு வெறும் "ஆளு"ன்னு ஆக்கி வச்சிருக்காங்க. ஆனா அது பொறந்த எடம் வேற. வடக்கு ஐரோப்பாவோட பழைய கடலோடிங்க வைக்கிங்குங்க பேசின பழைய நார்ஸ் மொழில "ஃபெலாகி"ன்னு ஒரு சொல். "ஃபே"ன்னா ஆடுமாடு, அதுலருந்து சொத்து, பணம். பின்பாதி கீழ வைக்கறது, இடறதுங்கற வினைலருந்து வருது. ஆக ரெண்டு பேர் அவங்கவங்க சொத்த ஒரே எடத்துல கொண்டாந்து வச்சு ஒரு காரியத்துல சேர்ந்து எறங்கினா ஒருத்தருக்கு ஒருத்தர் ஃபெலாகி, லாபமும் நஷ்டமும் ரெண்டு பேருக்கும். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இந்த சொல் இங்கிலீஷுக்குள்ள போச்சு.

மாடு எப்படி பணம் ஆச்சுன்னு வேற யாராவது கேக்கலாம், தமிழ் படிச்சவங்க கேக்கக் கூடாது. "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை", 400-வது குறள். அங்க மாடுன்னா செல்வம். லத்தீன்லயும் "பெக்கு" கால்நடை, "பெக்கூனியா" பணம். பின்பாதிக்கும் நம்மகிட்ட ஜோடி இருக்கு: இடு, ஈடு, முதலீடு. முதல கொண்டாந்து இடறது. ஃபெலாகின்னா சேர்ந்து முதலீடு போட்டவங்க, அவ்ளோ தான். இதுல கொடுக்கறவர் ஒருத்தர் வாங்கறவர் ஒருத்தர்ங்கற பேச்சே இல்ல, கவனிங்க.

அப்பறம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ். அங்க கல்லூரியோட உறுப்பினர லத்தீன்ல "சோசியுஸ்"னு எழுதினாங்க, தோழர், கூட்டாளின்னு அர்த்தம், அத இங்கிலீஷ்ல "ஃபெல்லோ"ன்னாங்க. கல்லூரியோட நிலம், வருமானம் எல்லாத்துலயும் அவருக்கு பங்கு உண்டு. அவர் வாங்கின காசு அவரும் ஒரு சொந்தக்காரரா இருக்கற எடத்துலருந்து வர்ற பங்கு, யாரோ எரக்கப்பட்டு குடுத்தது கெடையாது. அந்த சோசியுஸ்லருந்து தான் "சோசியல்", "சொசைட்டி" ரெண்டும் வந்துச்சு. அப்போ சோசியல் வேலைக்கு ஃபெல்லோஷிப்னு சொன்னா ஒரே சொல்ல ரெண்டு வேஷத்துல ரெண்டு தடவ சொல்றோம். இத கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, வீட்ல யாருக்கும் இது ஒரு விஷயமாவே படல.

இப்போ நாம பாக்கற ஃபெல்லோஷிப், அதாவது ஒரு அறக்கட்டளை ஒரு ஆள பொறுக்கி எடுத்து "இந்தா காசு, உன் வேலைய பாரு"ன்னு விடறது, 20-ஆம் நூற்றாண்டுல தான் பெருசா பரவுச்சு. அமெரிக்காவுல குகன்ஹைம் அறக்கட்டளை 1925-ல வந்துச்சு, மேக்ஆர்தர் அறக்கட்டளை மொதல் ஃபெல்லோக்கள 1981-ல அறிவிச்சாங்க. மேக்ஆர்தருக்கு நாமளா விண்ணப்பிக்கவே முடியாது, யாரோ நம்ம பேர சொல்லணும், 5 வருஷம் காசு வரும், கணக்கு கேக்க மாட்டாங்க. கிராண்ட்டுக்கும் இதுக்கும் இங்க தான் வித்தியாசம். கிராண்ட் திட்டத்த பாத்து வர்றது, இத செய்வேன்னு எழுதிக் குடுத்தா அத செஞ்சே ஆகணும். ஃபெல்லோஷிப் ஆள நம்பி வர்றது. நல்ல விஷயம் தான், ஆனா இந்த வழில வந்ததுல கூட சேர்ந்து முதல் போட்ட அந்த இன்னொரு ஆள் காணாம போயிட்டாரு. கூட்டாளியே இல்லாத கூட்டாளி.

ஓவியம் வரையறவங்களுக்கு, கவிதை எழுதறவங்களுக்கு இது பெருசா ஒறுத்தாது. மக்களோட சேர்ந்து வேலை செய்யற கலைஞருக்கு ஒறுத்தும். நியூயார்க்ல மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ்னு ஒருத்தங்க, நகரத்து குப்பை அள்ளற துறைலயே 1977-லருந்து கலைஞரா இருந்தாங்க, சம்பளம் கெடையாது. 1979-80ல சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளிங்கள ஒவ்வொருத்தரா தேடிப் போயி கை குலுக்கி, இந்த நகரத்த உயிரோட வச்சிருக்கீங்க, நன்றின்னு சொன்னாங்க. அந்த கை குலுக்கல் தான் படைப்பு. இப்போ விண்ணப்பத்துல "உங்கள் படைப்பின் மாதிரிகள் பத்து இணைக்கவும்"னு கேட்டா எத இணைப்பாங்க? 8,500 கைல எது மாதிரி?

இன்னொண்ணு அமெரிக்காவோட ஹூஸ்டன் நகரம். 1993-ல தேர்டு வார்டு பகுதில ஏழு கருப்பின கலைஞர்கள் சேர்ந்து பாழடஞ்சு கெடந்த 22 சின்ன வீடுங்கள எடுத்து "ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்"னு ஆரம்பிச்சாங்க, சில வீட்ல கலை, சில வீட்ல கொழந்தையோட தனியா இருக்கற எளம் தாய்மாருக்கு எடம். இதுக்காக 2014-ல மேக்ஆர்தர் ஃபெல்லோஷிப் அந்த ஏழு பேர்ல ஒருத்தரான ரிக் லோவுக்கு கெடச்சுது, அப்போ தொகை 6,25,000 டாலர். அவருக்கு கெடச்சதுல யாருக்கும் மனக்கொறை இருக்கணும்னு இல்ல, நான் சொல்றது சொல்லப் பத்தி. ஏழு பேர் சேர்ந்து தொடங்கினது, அந்த தெருக்காரங்க வருஷக்கணக்கா கூட நின்னது, ஆனா "ஃபெல்லோ"ங்கற சொல் ஒருத்தர் பேருக்கு முன்னாடி தான் ஒட்டுது. நார்ஸ் கணக்குல பாத்தா கூட முதல் போட்ட அத்தன பேரும் ஃபெலாகி. நெறைய பேர் அவங்க நேரத்தயே முதலா போட்டாங்க.

சரி, இங்கிலீஷ் தலைப்புல ஃபெல்லோஷிப்போட இருந்த மத்த சொற்கள்: என்கேஜ், ப்ராக்டிஸ், கம்யூனிட்டி. "என்கேஜ்"ல இருக்கற "கேஜ்" அடமானம், பிணைப்பொருள். அதனால தான் நிச்சயதார்த்தத்துக்கும் அதே சொல்லு, வாக்கு குடுத்து மாட்டிக்கறது. கூலியச் சொல்ற "வேஜ்" இருக்கே அதுவும் இதே வேர்லருந்து வந்த கூடப்பொறப்பு. தமிழ்ல ஈடுபாடுன்னு சொல்றோம், ஈடுன்னா அடமானம்னும் ஒரு பொருள் இருக்கு, தற்செயலோ என்னவோ எனக்கு புடிச்சிருக்கு. ஈடுபாட்ட நான் தொடல, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். "ப்ராக்டிஸ்"ஸ மட்டும் பயிற்சின்னு போட்டுடாதீங்க, கலைஞர் ஏதோ க்ளாஸுக்கு போற மாதிரி ஆயிடும், கலைப்பணி போதும். "கம்யூனிட்டி" கொஞ்சம் கஷ்டம், சமூகம்னு போட்டா பாதி பேர் மனசுல சாதி தான் ஓடும், "அவங்க என்ன சமூகம்"னு கேக்கறது எதுக்குன்னு நமக்கு தெரியாதா. அதனால நான் "மக்கள்"னு போட்டேன்.

இப்போ ஃபெல்லோஷிப்புக்கு தமிழ். உதவித்தொகை படிக்கற பிள்ளைங்களுக்கு சரி, இங்க வேணாம், காரணம் அந்த கலைஞரே சொல்லிட்டாங்க. மானியம் வேணாம், அது கிராண்ட், சப்சிடி பக்கம் போயிடுச்சு. தோழமை அழகா இருக்கு, ஆனா "தோழமைக்கு விண்ணப்பிக்கவும்"னு எழுதிப் பாருங்க, சிரிப்பு வரும். தமிழ் பைபிள்ல இதுக்கு "ஐக்கியம்"னு இருக்கும், "பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும்"னு கேட்டிருப்பீங்க, சர்ச்ல அது நல்லாவே பொருந்துது, விண்ணப்பப் படிவத்துல பொருந்தாது. ஈழத்துல ஸ்காலர்ஷிப்ப புலமைப்பரிசில்னு சொல்றாங்க, எனக்கு பொறாமையா இருக்கற சொல்லு அது, பரிசில்னா பாணரும் புலவரும் வாங்கினது, கலைக்கு நேரடி வாரிசு.

நல்கைன்னு ஒண்ணு இருக்கு, கொஞ்ச காலமா நெறைய பேர் எழுதறாங்க. நல்குன்னா குடு. சும்மா குடுக்கறது இல்ல, சங்கப்பாட்டுல தலைவன் தலைவி மேல அன்பு காட்டறதுக்கும் இதே சொல் தான். புறநானூறு 208-ல பெருஞ்சித்திரனார் அதியமான்கிட்ட பரிசில் கேட்டு மல மலையா தாண்டிப் போறாரு, அதியமான் நேர்ல பாக்காமயே பொருள குடுத்து அனுப்பறான், புலவர் வாங்க மாட்டேன்னுட்டாரு. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்". என்னைய பாக்காம குடுத்தத வாங்கிட்டுப் போக நான் யாவாரி இல்ல, எந்தளவு வித்தைன்னு தெரிஞ்சு நல்கினா தினையளவா இருந்தாலும் போதும்ங்கறாரு. ஆன்லைன் படிவத்துல முன்னூறு வார்த்தைக்குள்ள தன்னையும் ஒரு தெருவையும் சுருக்கி அடச்சவங்களுக்கு அவர் கோவம் புரியும்.

இவ்ளோ நல்ல சொல்லா இருந்தும் நல்கைல ஒரு சிக்கல், அது மேலருந்து கீழ வருது. அரசன் நல்குவான், புலவன் வாங்குவான். ஃபெலாகில இருந்த பக்கத்துப் பக்கத்து நிப்பு அதுல இல்ல.

அந்த நிப்பு இருக்கற தமிழ்ச்சொல் கூட்டாளி. தொழில்ல பங்கு போட்டவரும் கூட்டாளி, ஒண்ணா சுத்தற சிநேகிதனும் கூட்டாளி, வைக்கிங் சொல்லு போன அதே பாதைல இதுவும் போயிருக்கு, யாரும் மொழிபெயர்க்காமயே. பங்காளின்னும் யோசிச்சேன், நேர்ப்பொருள் அதுலயும் இருக்கு, ஆனா பங்காளின்னதும் சொத்துத் தகராறு தான் ஞாபகம் வருது, விட்டுட்டேன்.

"மக்களோடு கலைப்பணி: கூட்டாளி நல்கை"ன்னு மாத்தி அனுப்பினேன். காசுக்கு நல்கை, ஆளுக்கு கூட்டாளி. அறிவிப்பு குடுத்தவங்க ஃபோன் பண்ணாங்க. "நல்லாருக்கு சார், ஆனா கூட்டாளின்னா பேப்பர்ல போடுவாங்களே, பிரபல ரவுடியும் கூட்டாளிகள் நாலு பேரும் கைதுன்னு, அந்த மாதிரி இருக்கே?" தப்பில்ல, எனக்கும் காதுல அது ஒலிச்சிருக்கணும். கடைசில "ளி"ய எடுத்துட்டு "ளர்" போட்டு "கூட்டாளர் நல்கை"ன்னு முடிவாச்சு, மரியாதையும் வந்துச்சு, போலீஸும் போயிடுச்சு. அந்த கலைஞருக்கு காட்டினேன். படிச்சுட்டு, "சரிங்க, கூட்டாளர்னு போட்டிருக்கீங்க, என்கூட வேலை செய்யப் போற பன்னெண்டு பொம்பளைங்க பேரு எழுத படிவத்துல எடம் எங்க"ன்னாங்க. படிவத்துல ஒரே ஒரு கோடு தான் இருந்துச்சு.